மலைக்காரன் கேட்ட மின்தேக்கி

எலக்ட்ரானிக்ஸ் கற்க நல்ல புத்தகம் வேண்டுமென்று ஆலங்காயம் புத்தகக் கடையில் கேட்டேன். அறிவை எடை போட்டு விற்பவர் போலும், இருப்பதிலேயே கனமானதைத் தூசி தட்டித் தந்தார். உள்ளே மருந்துக்குக்கூட ஒரு ஆங்கிலச் சொல் கிடையாது. மலைமேல் எங்கள் ஊருக்குக் கரண்டே வராத காலத்தில், அத்தனை மின்சாரச் சொற்களையும் மனப்பாடம் செய்து பண்டிதனானேன்.

பிறகு கீழே இறங்கி, ரேடியோ ரிப்பேர் கடையில் கம்பீரமாக, “ஒரு மின்தேக்கி கொடுங்க” என்றேன்.

மலைக்காரன் வாயில் தேக்கு என்று வந்ததும் ரிப்பேர்காரர் தெருவை எட்டிப் பார்த்தார். “தேக்கா? மெதுவா பேசுங்க, பாரஸ்ட்காரன் காதுல வுழப் போவுது!”

மரமில்லை என்று சொல்லி, புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினேன்.

“அட, கண்டன்சரு! இத மொதல்லயே தமிழ்ல கேக்கறதுக்கு இன்னா?”