மழை பெய்த நாளின் சீட்டு

ஓர்லிகோனில் ஓர் ஏலக் கடையில் பழைய பேஸ்போல் ஆட்டங்களின் நுழைவுச் சீட்டுகளின் திகதியைச் சரிபார்ப்பது என் வேலை. நாங்கள் வந்து குடியேறிய இந்த ஐரோப்பிய நாட்டில் பேஸ்போல் என்றால் என்னவென்று தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் வாசலில் கிழித்துக் கொடுத்த பாதிச் சீட்டைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்குக் குறைவில்லை. கேட்டால், எல்லோருடைய சீட்டும் பெயர்பெற்ற ஏதோ ஓர் ஆட்டத்தினுடையதுதான். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு அமெரிக்காவில் ஒருவருமே போகவில்லை போலும்.

போன வசந்தத்தில் ஒரு பல் வைத்தியர் வந்தார். வாழ்நாளில் ஓர் ஆட்டத்தையேனும் நேரில் பார்த்திராதவர். அவருடைய சீட்டில் திகதி தெளிவாக அச்சாகியிருந்தது. பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். அன்று மழை, ஆட்டம் நடக்கவேயில்லை. மழையால் நின்றுபோனால் அதே சீட்டோடு ஒத்திவைத்த ஆட்டத்துக்கு வரலாம் என்பது அங்கே வழக்கம். சீட்டின் பின்பக்கம் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்த ஓட்டக் கணக்கு பிறகு நடந்த ஆட்டத்தோடு பொருந்தியது. அந்த நாளையே சரியான திகதி என்று எழுதி முத்திரை குத்தினேன். அச்சில் இருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று முதலாளி விளக்க, பல் வைத்தியர் ஞானம் பெற்றவர்போல் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதே கிழமைக்குள்தான் அப்பாவோடு ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அப்பா லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி தூக்குகிறவர். முழங்கால் இரண்டும் போய்விட்டன. அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்த ஏஜென்சிக்காரன், இளம் வயதென்றால் பெர்மிட் கெதியாகக் கிடைக்கும் என்று நாலு வயது குறைத்துச் சொல்லச் சொன்னான். அந்த மகா புத்திசாலி இப்போது கனடாவில் வீடு விற்கிறானாம். அப்பாவும் பயத்தில் அப்படியே ஒப்பித்துவிட்டார். உண்மையான வயதுப்படி அவர் இந்த வருடம் வேலையை விடலாம். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடப் பதிவு, சாதகம் எல்லாம் கொண்டுபோனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒன்றையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முதன்முதலில் பதிந்த திகதிதான் செல்லும், அதைச் சொன்னவரும் இவர்தானே என்று புன்னகைத்தாள். அந்தப் புன்னகையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சீட்டுக் கதையைச் சொன்னேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தத் துண்டுக்கு ஆர் வந்து சாட்சி சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை அப்பா. பின்னால பென்சிலால எழுதியிருந்ததே போதுமாம்."

"அதை நம்பினவையோ?"

"ஓம்."

அவர் எண்ணெய்ப் போத்தலை மூடினார்.

"அது சரிதானே பிள்ளை. அந்தத் துண்டு பொய் சொல்லேல்லை. நானெல்லோ சொன்னனான்."

அடுத்த நாள் அவர் பெட்டி தூக்கப் போனார். நான் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, கிழிந்த இன்னொரு கடதாசிக்கு நியாயம் தேடப் போனேன்.