பிக்குவும் திக்குவும்

பதினைந்து மாதமாகியும் மகள் 'ம்மா' தவிர எதுவும் சொல்லவில்லை. போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். குக்கர் விசில்: திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்: மூன்றுக்கு ஒரு முறை. பிஸ்கட் கவர் சரசரப்பு: உடனே திரும்பினாள்.

"உன் வீட்டுக்காரன் மூணு வயசு வரைக்கும் வாயே தெறக்கல. இப்ப என்ன, கம்மியாவா பேசிகினு கீறான்?" என்றார் மாமியார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது கேட்கிறதா என்று தெரிந்தால் போதும்.

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. தவறைக் கண்டுபிடிக்க ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது பழக்கம். அமாவாசையன்று வீட்டுத் தறி ஓடாது, சத்தம் இருக்காது; சோதனையை அன்றைக்கே வைத்துக்கொண்டேன். எண்ணெய் ஊற்றும் நீலப் புனலுக்குப் 'பிக்கு' என்று பெயர் வைத்தேன். ஸ்பாஞ்சுத் துண்டுக்குத் 'திக்கு'. முதல் எழுத்து மட்டும் வேறு. காலையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, "பிக்கு எங்கே?", "திக்கு எங்கே?" என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். பத்தில் நான்கு சரி. குருட்டாம்போக்கில் எடுத்தாலும் ஐந்து வந்திருக்கும்.

வேலூரில் காது பரிசோதிக்கும் பெண்ணிடம் பட்டியலை நீட்டினேன். என்னைவிடச் சின்னவள்.

"ஏன் மேடம் இவ்ளோ கஷ்டமா வெச்சீங்க? இந்த வயசுல புதுசா ஒரு பேரு கத்துக்கிறதே பெரிய வேலை. ரெண்டு வார்த்தையும் இவ்ளோ கிட்ட இருந்தா நல்லா காது கேக்கிற குழந்தைங்களே பிரிச்சு வெச்சுக்காது. ஒண்ணு 'பிக்கு'ன்னா இன்னொண்ணு 'மாலோ'ன்னு தூரமா வெச்சிருக்கணும்."

"அப்போ கேக்குதுங்களா?"

"அதை உங்க டெஸ்ட் சொல்லாது. எங்க மெஷின் சொல்லும். ஆனா அதுக்குப் பாப்பா அசையாம தூங்கணும்."

தூங்கவில்லை. பால் கொடுத்தேன், தோளில் போட்டு நடந்தேன், விளக்கை அணைத்தார்கள். நெற்றியில் ஒட்டிய வயரைப் பிடுங்கிச் சிரித்தாள். மாலைவரை பார்த்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். தூங்க வைக்கும் வழி என் எந்தப் பட்டியலிலும் இல்லை.

திரும்பும்போது பஸ் கண்ணமங்கலம் வருவதற்குள் மடியில் தூங்கிவிட்டாள். குனிந்து காதருகே பெயரைச் சொன்னேன். அசையவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பிறகு இன்னும் சத்தமாக.

முன்சீட்டு அம்மாள் திரும்பினார். "தூங்குற புள்ளய ஏம்மா எழுப்பிகினு கீற? பாவம், அது பாட்டுக்குத் தூங்கட்டுமே."