கொடுங்கையூரில் போட்டுவைத்த படங்கள்

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு அலுவலகத்தை நினைத்தால், சூப்பர்வைசர் அண்ணனின் கணினித் திரையில், மூலையில், எப்போதும் நிரம்பிக் கிடந்த குப்பைத்தொட்டிதான் முதலில் கண்முன் வருகிறது. சென்னைக் குப்பையெல்லாம் கொட்டும் மேட்டின் நினைவாக அதற்கு நாங்கள் வைத்த பெயர் கொடுங்கையூர். அண்ணனின் சொந்த இடமும் அதுதான். ஊரார் கொட்டியதைக் கிளறி, இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கித்தான் அவர் அம்மா அவரைப் படிக்கவைத்தார். குப்பையில் போட்டது தொலைந்துபோகும் என்ற எண்ணமே அதனால் அவருக்குக் கிடையாது. அழிக்கவும் மனமில்லை, கண்முன்னே வைத்திருக்கவும் முடியவில்லை என்பதையெல்லாம் அந்தத் தொட்டிக்குள் தள்ளிவிடுவார். அண்ணி இறந்தபின் அவருடைய படங்களையும் அங்கேதான் போட்டார். அவற்றை எடுத்த போன் காசிமேட்டில் தண்ணீரில் விழுந்துவிட்டது. வேறு பிரதி இல்லை. எனக்குப் பதறியது, வேறெங்காவது வைக்கச் சொன்னேன்.

"கொடுங்கையூருல போட்டது எங்க பூடும்மா? வோணும்னா எடுத்துக்கலாம்" என்றார். எப்போதாவது ஒரு படத்தை வெளியே எடுத்துப் பார்ப்பார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்ப உள்ளே போட்டுவிடுவார்.

பிறகு கணினியில் புது சிஸ்டம் போட்டார்கள். திரையிலிருந்த பழைய பொத்தானும் பழைய சின்னங்களும் ஒழியட்டும் என்று வாய்கிழியப் பேசியவள்தான் நானும். மெனுக்கள் இடம் மாறின, சில காணாமலே போயின. குப்பைத்தொட்டியை மட்டும் அதே உருவத்தில், அதே மூலையில் விட்டுவைத்தார்கள். ஆனால் இடம் போதாவிட்டால் பழைய குப்பையை அதுவே காலிசெய்துகொள்ளும்படி உள்ளே மாற்றியிருந்தார்கள். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. தொட்டியையே எடுத்திருந்தால் அண்ணன் அன்றைக்கே என்னிடம் ஓடிவந்திருப்பார். ஒழிப்பதானால் முழுக்க ஒழித்துத் தொலையுங்கள், முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு குணத்தை மாற்றாதீர்கள் என்று யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

ஒரு நாள் காலையில் அண்ணன் திறந்தபோது தொட்டி காலியாக இருந்தது. சரிசெய்ய வந்த ஆள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அண்ணன் யாரையும் திட்டவில்லை.

"குப்ப அள்றவன்கூட வோணுமான்னு ஒரு வார்த்த கேப்பான்மா" என்றார்.

அதற்குப்பின் ஓய்வுபெறும்வரை அவர் எதையும் அழிக்கவில்லை. காலாவதியான கேட் பாஸ், தப்பும் தவறுமாக அடித்த கடிதம், ஒன்றும் எழுதாத வெறும் பக்கம் என்று திரையெல்லாம் நிரம்பிக் கிடந்தது. இப்போது அந்தக் கணினி என்னிடம். மெதுவாக ஓடுகிறது, எல்லாவற்றையும் அழித்துவிடு என்கிறார்கள். தினமும் உட்காருகிறேன். அந்த வெறும் பக்கத்தைக்கூட அழிக்கக் கை வரவில்லை.