ஒலிபெருக்கியில் சொன்ன ஊர்ப்பெயர்

ரயில் நிலைய அறிவிப்பாளன் என்பவன், தான் காணாத ரயில்களைப் பற்றித் தன்னைக் காணாத ஆட்களுக்குச் சொல்கிறவன். சரியாகச் சொன்னால் ஒருவரும் நினைப்பதில்லை. பிழையாகச் சொன்னால் மேடை முழுக்க ஏசும். சண்டைக் காலத்தில், கொழும்பில் பாதைகள் பிரிகிற ஒரு பெரிய நிலையத்தில் நான் தமிழ் அறிவிப்பாளன். நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே பொதியோடு காத்து நின்று, விளங்காத அறிவித்தலுக்குப் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்த உங்களுக்கு அது தேவையும் இல்லை.

கீழே கடைசியாக வரும் சம்பவத்தின் முடிவை நான் பார்க்கவில்லை. வெளிவாசலில் பயணிகளிடம் டிக்கெட்டை வாங்கிக்கொள்ளும் சேவியரண்ணை சொல்லித்தான் தெரியும். அவர் சொன்னதைப் பல வருடங்களாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன்.

தமிழ் கடைசியில்

மலைநாடு, வடக்கு, கரையோரம் என்று திசைக்கொன்றாக வண்டிகள் போகிற இடம். ஒரு ரயில் மேடை மாறினால் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். மாறுகிற செய்தி ஒரு துண்டுத் தாளில் சிங்களத்தில் வரும். முதலில் சிங்களம், பிறகு ஆங்கிலம், அதற்குப் பிறகு நான். என் முறை வரும்போது கார்ட் பச்சைக் கொடியைக் காட்டியிருப்பார். துண்டை எனக்கும் அதே நேரத்தில் தாருங்கள் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. மூன்றாம் தடவை நான் எழுதவில்லை. அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

ஒரு காலை, பதுளை வண்டியைத் தவறவிட்ட தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் இடுப்பில் பிள்ளையோடும் கையில் தகரப் பெட்டியோடும் வந்து என் அறையின் கண்ணாடி ஜன்னலைத் தட்டினார். என் வெட்கத்தை மறைக்க நான்தான் முதலில் சத்தம் போட்டேன், காதைத் தீட்டிக்கொண்டு நிற்கக் கூடாதா என்று. அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ரயிலு போன பொறகு சொல்றதுக்கா ஐயா ஒங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க?"

அரைப் பக்கச் சரித்திரம்

நிலையத்தின் சரித்திரத்தை மூன்று மொழியிலும் ஒரு சிறு புத்தகமாகப் போட நினைத்தார்கள். தமிழுக்கு அரைப் பக்கம். நான் ஆசையோடு எழுதினேன். வெள்ளைக்காரன் காலத்தில் கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்கப் பாதை போட்டது, பிறகு ஒவ்வொரு பாதையாக வந்து இங்கே சேர்ந்தது, இரும்புத் தூண்கள் கப்பலில் வந்தது, இளைப்பாறும் அறை, சிற்றுண்டிச்சாலை எல்லாம் எழுதினேன். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, மண் வெட்டி, காய்ச்சலில் செத்த கூலியாட்களுக்கும் இரண்டு வரி கொடுத்தேன்.

அந்த இரண்டு வரியும் சிவப்பு மையில் வெட்டுப்பட்டுத் திரும்பி வந்தன. நிலைய அதிபரிடம் போனேன். கெட்ட மனிதர் அல்ல. என் பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் கேட்காமலே லீவு தருகிறவர். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. தாளை மடித்துக் கையில் தந்து, சிங்களத்தில் தம்பி என்று அழைத்துச் சமாதானம் சொன்னார்: "மல்லி, கட்டினவனைப் போட்டால் திறந்து வைத்தவரின் படத்துக்கு இடம் போதாதே."

பொதி அறையில் மாதா

குண்டுப் பயம் வந்த பிறகு பொதி வைக்கும் அறையின் முன்னால் ஒரு மேசை போட்டு எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னார்கள். சிங்களப் பெயர்க்காரரின் பையை மேலால் தடவிப் பார்ப்பார்கள். எங்களுடையதைக் கவிழ்த்துக் கொட்டுவார்கள், வேலைக்கு வரும் என்னுடையதையும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத் தொழிலாளி ஒருவர், சீலையில் சுற்றிய மாதா சொரூபத்தோடு வந்தார். மன்னாரில் மகள் வீட்டுக்குக் கொண்டு போகிறாராம். ஆமிக்காரன் சொரூபத்தைத் தலைகீழாகப் பிடித்து, வயிற்றில் துவக்குப் பிடியால் தட்டினான். சாந்து உதிர்ந்தது. வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம், நானும்தான். அவர் மட்டும் அவனை நேரே பார்த்துச் சொன்னார்: "உள்ளுக்கு ஒண்டுமில்ல மாத்தயா, அதாலதான் இவ்வளவு நாளும் பேசாமல் நிக்கிறா."

அடையாள அட்டை

தவறிய பொருள் கிடைத்தால் உரியவரின் பெயரைச் சொல்லி என் அறையின் விசாரணை ஜன்னலுக்கு அழைப்பது வழக்கம். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்து நின்று சண்டை பிடித்த நாளிலிருந்து, நான் பெயரோடு ஊரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினேன். விதியில் அப்படி ஒன்றும் இல்லை. என் சொந்தக் கெட்டித்தனம். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒரு முற்பகல், மேடையில் கிடந்த அடையாள அட்டையைக் கொண்டு வந்து தந்தார்கள். பின்பக்கத்தில் பிறந்த இடம் கிளிநொச்சி, அப்போது புலிகளின் கையில் இருந்த ஊர். பெயரையும் ஊரையும் மூன்று முறை தெளிவாக வாசித்தேன். தமிழ் விளங்காதவனுக்கும் ஊர்ப்பெயர் விளங்கும் என்பது அந்த நேரம் என் மூளைக்கு எட்டவில்லை. அவரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை உரக்கச் சொன்னது போதும். மெலிந்த ஆள், முப்பது வயதிருக்கும், மேம்பாலத்தால் ஓடி இறங்கி வந்தார். அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்ல காலம் ஐயா, இது இல்லாட்டில் என்னைப் பிடிச்சிருப்பாங்கள்" என்றார். அட்டையைப் பையில் வைப்பதற்கு முன் இரண்டு சீருடைகள் அவரின் தோளைப் பிடித்தன. நான் எழும்பினேன். கதவைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலை சேவியரண்ணை தேத்தண்ணியோடு வந்தார். "விட்டிட்டாங்கள் தம்பி. நேற்றுப் பின்னேர வவுனியா வண்டியில நானே கையைப் பிடிச்சு ஏத்தி விட்டனான். இனி யோசிக்காத." எனக்கு அழுகை வந்தது, அப்படியே நம்பினேன்.

ஒரு கிழமை கழித்து அறிவித்தல் பதிவேட்டைப் புரட்டியபோது, அவரைப் பிடித்த அன்று, நான் வேலை முடித்துப் போன பிறகு, பின்னேரம் என்னென்ன அறிவித்தார்கள் என்பதைக் கண்டேன். வவுனியா ரயில் ரத்து என்று எழுதியிருந்தது. அண்ணை ரயிலை மாறிச் சொல்லியிருப்பார், வேறொன்றில் ஏற்றி இடையில் மாறச் சொல்லியிருப்பார், இது மாறி ஏறுகிற நிலையம்தானே என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தேன்.

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு, ஓய்வு பெற்றுவிட்ட சேவியரண்ணையிடம் போனேன். "என்ன தம்பி, உயிரோட இருக்கிறனோ எண்டு பாக்க வந்தனியோ?" என்று சிரித்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டார். ஊருக்கெல்லாம் ரயில் விவரம் சொல்லிச் சம்பளம் வாங்கியவன், தனக்குத் தேவையான ஒரே ஒரு ரயிலைப் பற்றி விசாரிக்க அரை ஆயுள் எடுத்துக்கொண்டேன். நான் அதில் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டேன்:

"அண்ணை, அண்டைக்குப் பின்னேரம் வவுனியா வண்டி ஓடவே இல்லை. நீங்கள் அவரை எதில ஏத்தினீங்கள்?"