அக்கா அடுக்கிய முதுகுப்பை

நோர்வேயின் பெர்கன் நகரத்து மனிதர்கள் முதுகுப்பையோடுதான் பிறக்கிறார்களோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். வங்கி முகாமையாளர் ‘ரிக்செக்’ என்கிற அந்தப் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். எண்பது வயது அம்மா ரிக்செக்கோடு பாண் வாங்கப் போகிறார். இருபத்தெட்டு வருடமாக நான் இதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, பிளாஸ்டிக் பையோடு மழையில் ஓடித் திரிந்தேன். இந்த மாசிமாதம்தான் முதல்முறையாக ரிக்செக் கடைக்குள் நுழைந்தேன். கிளிநொச்சிப் பக்கம் ஜெயபுரத்திலிருந்து அக்காவை மூன்று மாதத்துக்கு அழைத்துவர வேண்டும். சில்லு வைத்த பெட்டி எங்கள் ஊர் மண் ஒழுங்கையில் உருளாது. அக்காவோ, “கையில ஒண்டும் தூக்கமாட்டன்” என்று தொலைபேசியில் அறிவித்துவிட்டார்.

“மலையில் எத்தனை நாள்?” என்று கேட்டாள் கடைப்பெண்.

“மலை இல்லை. அக்காவைக் கூட்டிவரப் போகிறேன்.”

அவளுடைய முகம் வாடிவிட்டது. “மீட்புக் குழுவுக்கு அறிவித்தீர்களா?”

இருபத்தெட்டு வருட நோர்வீஜிய மொழியால் நான் சாதித்தது இவ்வளவுதான். அக்கா மலையில் தொலையவில்லை, வயலோடும் இரண்டு பசுக்களோடும் வீட்டில் பத்திரமாக இருக்கிறார் என்று புரியவைத்த பிறகு அவள் சமாதானமடைந்து, சேட்டு முதலிய உடுப்புகளைச் சுருட்டிப் பையில் அடுக்கும் கலையை மேசையிலேயே செய்து காட்டினாள். இரண்டு பைகள் வாங்கினேன். வீட்டில் நாலு இரவு பயிற்சியும் எடுத்தேன்.

அக்கா எளிதில் வருகிறவரல்ல. மூன்று தடவை மாட்டேன் என்றவர். அத்தான் இறந்து, பிள்ளைகளும் கலியாணம் கட்டிப் போன பிறகு தனியாக இருக்கிறார். இதற்குமுன் யுத்தகாலத்தில் இரண்டு தடவை வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறியிருக்கிறார்; இரண்டு தடவையும் திரும்பி வந்தபோது பூட்டும் இல்லை, கதவும் இல்லை, கதவு மாட்டச் சுவரும் இல்லை. இப்போதிருப்பது மூன்றாவது வீடு. நாலாம் முறை கேட்டபோது ஓம் என்றார், விசாவும் வந்தது. ஆனாலும் அந்த ஓமுக்கும் கிளிநொச்சி ரயிலுக்கும் நடுவில் எந்த நேரமும் மனம் மாறலாம் என்று பயந்துகொண்டேதான் ஜெயபுரம் போய்ச் சேர்ந்தேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம், கற்ற வித்தையைக் கட்டிலில் விரித்தேன். சேட்டெல்லாம் ஒரு பக்கம், சாரம் ஒரு பக்கம், அக்காவின் சேலைகள் மற்றப் பையில். அக்கா குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“இதென்னடா, கடையில றோல்ஸ் அடுக்கின மாதிரி? தள்ளு அங்கால.”

இரண்டு பைகளையும் கவிழ்த்துக் கொட்டினார். பிறகு நடந்ததை நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சேலையை நீளவாக்கில் மடித்து, அதன்மேல் பாவாடை, அதன்மேல் சட்டை, எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிச் சுருட்டி, முந்தானையால் பூட்டினார். ஒரு பொட்டலம், ஒரு ஆள், ஒரு நாள். என் சாரமும் சேட்டும் அப்படியே பொட்டலமாயின. ஒரு மடிப்பைக்கூட இரண்டாம் தடவை தொடவில்லை. ஆனால் என் பொட்டலங்களில் பாதி அவருடைய பைக்குள் போயின. அவருடையதில் பாதி என் பைக்குள் வந்தன.

“அக்கா, என்ர சேட்டு உங்கட பைக்குள்ள போகுது.”

“ஓம், போகட்டும். ஒரு பையை விட்டிட்டு ஓடவேண்டி வந்தா, மிச்சப் பையில ரெண்டு பேருக்கும் மாத்த இருக்கவேணும். இருட்டுக்குள்ள கை விட்டாலும் ஒரு ஆளின்ர முழு உடுப்பு வரவேணும்.”

“பிளேனுக்குள்ள ஆரக்கா ஓடப்போகினம்?”

“உனக்குத் தெரியாது. நீ அப்ப இஞ்ச இல்லை.”

தக்காளி விலை சொல்வதுபோலத்தான் சொன்னார். இடப்பெயர்வு பற்றி நான் தடித்தடியாகப் புத்தகங்கள் படித்திருக்கிறேன், அடிக்கோடுகூட இட்டிருக்கிறேன். அத்தானையும் இரண்டு பிள்ளைகளையும் நாலு பைகளையும் நடத்திக் கொண்டுபோன இந்த மனுசி, வழியில் இரண்டு பைகளை எறிந்த பிறகும் ஒருவரையும் மாற்றுடுப்பு இல்லாமல் விடவில்லை. எந்தப் புத்தகத்திலும் இந்தக் கணக்கு இல்லை. அந்த நாட்களில் நான் பெர்கனில் எத்தனை சோடி கையுறை வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அலுமாரியைப் பார்த்தேன். துடைத்தெடுத்த மாதிரி வெறுமையாக இருந்தது. உடுக்கக்கூடியது எல்லாம் பைக்குள். காணி உறுதிப் பத்திரம்கூட. மூன்று மாதப் பயணத்துக்கு அல்ல, அக்காவுக்குத் தெரிந்த அந்த ஒரேவிதப் பயணத்துக்குத்தான் அடுக்கியிருந்தார். அவரும் அதைக் கண்டிருக்கவேண்டும். மெல்லக் கதிரையில் இருந்தார்.

“தம்பி, நான் வரேல்லையடா. நீ போ.”

எந்தச் சந்தர்ப்பத்துக்கும் பகிடி வைத்திருப்பவன் என்று எனக்குப் பெயர். அன்றைக்கு வாயில் வந்தது ஒரு சாதாரணக் கேள்விதான்.

“திரும்பி வந்து இறங்கிற அண்டைக்கு என்னத்தை உடுப்பியள்?”

“திரும்பி வாற அண்டைக்கோ?”

இப்படியொரு கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. அக்கா எழும்பி, பைக்குள் பாராமலே கைவிட்டு ஒரு பொட்டலத்தை இழுத்தார். மாம்பழ நிறச் சேலை, இருப்பதில் நல்லது. பிரித்து, தட்டையாக மடித்து, நடுத்தட்டில் வைத்தார். அலுமாரியைச் சாத்தினார். திரும்பவும் திறந்து, அது அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்தார்.

பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சரி, நீ என்னத்தைப் போடுவாய்?”

“நானோ?”

நாட்டைவிட்டுப் போனதிலிருந்து நான் அங்கே ஒரு கைக்குட்டையைக்கூட விட்டுவைத்ததில்லை. அக்காவின் பைக்குள் கையை விட்டேன். என் பொட்டலம் ஒன்று வந்தது; பிரித்து நீலச் சேட்டை எடுத்தேன். அக்கா அதை என் கையிலிருந்து பறித்து, நான் பிரித்த விதம் சரியில்லை என்று முணுமுணுத்தபடி மடித்து, சேலைக்கு மேல் வைத்தார். அடுத்தநாள் ரயிலில் யன்னலோர இருக்கை தனக்குத்தான் என்று சண்டை பிடித்தார்.

இப்போது அக்கா என்னுடைய மழை அங்கியைப் போட்டுக்கொண்டு, பெர்கன் வானத்தைத் திட்டியபடி என் யன்னலடியில் நிற்கிறார். இரண்டு நாடுகளில் உடுப்பு வைத்திருக்கும் பெரிய மனிதன் ஆகிவிட்டேன் நான். ஆனாலும் காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது, கை தன்பாட்டில் அந்த நீலச் சேட்டைத் தேடுகிறது. அது ஜெயபுரத்தில், ஒரு மாம்பழ நிறச் சேலையின் மேல், நான் வந்து இறங்கப்போகும் நாளுக்காக மடித்தபடி இருக்கிறது.