சவுக்கையில் அவிழ்த்த மடி

எங்கள் மாமாவுக்குத் திருவிதாங்கூர்ச் சீமை முழுவதும் அத்துப்படி. அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டார். ஒரு தடவை மிளகு வாங்கக் கோட்டயம் வரை போய், மிளகு வாங்காமல் திரும்பி வந்தவர் அவர். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி என்பதால் அம்மா அவரை நம்பினாள். நம்பாமல் இருக்கவும் வழியில்லை. அப்பா சிலமலை வயலில் தண்ணீர் முறைக்கு நின்றுகொண்டிருந்தார். அதை விட்டு வந்தால் அந்தப் போகம் போய்விடும்.

அக்காவை மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுக்கு ஏழாம் மாதம். முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான். எட்டாம் மாதத்தில் பயணம் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூட்டி வரக் கேட்ட ஒவ்வொரு தடவையும் மாமியார் வீட்டிலிருந்து ஏதோ ஒரு சாக்குச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் ஏழாம் மாதம் முடிய இரண்டே நாள் இருக்கும்போது அம்மா கிளம்பிவிட்டாள்.

போடிமெட்டு வழியாக ஏறினால் பக்கம். ஆனால் அந்தப் பாதையில் அப்போது கழுதைகளும் சுமையாட்களும்தான் ஏறுவார்கள். பிள்ளைத்தாச்சியை அதில் நடத்திக் கூட்டி வர முடியாது. அதனால் கம்பம் போய், குமுளி ஏறி, அங்கிருந்து தோட்டத்துக்குள் போவதென்று மாமா முடிவு செய்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். வீட்டில் விட ஆளில்லாததால் நானும் போனேன். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகக் கூடாது என்று மாமா வழியில் கிடந்த ஒரு கூழாங்கல்லை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். அது நான்காவது ஆள்.

கம்பத்தில் ஏறிய மோட்டார் பஸ்சுக்குப் பக்கச் சுவர் கிடையாது, படுதாதான். மலை ஏறும்போது இரண்டு இடத்தில் எல்லோரும் இறங்கி நடந்தோம். நான் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வாந்தி எடுத்தேன். குமுளியில் ஒரு பிளஷர் கார் வாடகைக்கு நின்றது. அதில் ஐந்து பேர் உட்காரலாம். எட்டுப் பேர் சேரும் வரை கார்க்காரர் எடுக்கவில்லை. மாமா அவரிடம் தமது மலையாளத்தில் பேசினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி தமிழ்லயே பேசுங்க, எனக்கு வெளங்கும்" என்றார். மாமா அதன்பின் வழி நெடுக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த ராத்திரி அக்கா வீட்டில் தங்கினோம். மச்சான் கடையிலிருந்து வந்து, "வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கடைக்கே போய்விட்டார். காலையில் அக்கா ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கார் வருகிறதா என்று என்னை மூன்று நான்கு தரம் வாசலுக்கு அனுப்பினாள். பெட்டியை எடுத்து வைக்க அம்மா கை நீட்டியபோது, "அதத் தொடாதத்தா, மாமா தூக்குவாரு" என்றாள்.

கார் வந்ததும் மாமியார் வாசலில் நின்றே மடி நிரப்பினார். பச்சரிசி, தேங்காய், மஞ்சள், வெற்றிலை, அந்த ஊர் ஆகையால் மேலே இரண்டு கை ஏலக்காய். முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிவிட்டார். மடி நிரப்பி அனுப்பினால் வழியில் அவிழ்க்கக் கூடாது. பிறந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டிய பிறகு தாய்தான் அவிழ்த்து வாங்க வேண்டும். அப்படி வந்த மடி, பிள்ளையோடு நிறைந்து புருஷன் வீட்டுக்கே திரும்பும் என்பார்கள்.

மாமா பெட்டியைத் தூக்கிப் பார்த்துத் திகைத்தார். "என்னத்தா, நான் கொண்டாந்த கல்லு பத்தாதுன்னு நீயும் வச்சிருக்கியா?"

"வெரசா ஏறுங்க மாமா" என்றாள் அக்கா.

காரில் அவள் என்னைத் தன்னை ஒட்டி உட்காரவைத்துக்கொண்டாள். வளைவு வரும்போதெல்லாம் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் புழுதி தவிர ஒன்றும் இல்லை. ஒரு பள்ளத்தில் கார் தூக்கிப் போட்டபோது அவள் சேலை விலகியது. முழங்கைக்கு மேலே கறுத்த தழும்புகள் வரிசையாக இருந்தன. என்னவென்று கேட்டேன். ஏலக்காய் காயவைக்கிற கொட்டகையில் சூட்டுக் குழாய் பட்டுவிட்டது என்று சொல்லிச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். குழாய் எப்படி இத்தனை தரம் படும் என்று நினைத்தேன். அதற்குள் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"இன்னும் எம்புட்டுத் தூரம்? வெரசா ஓட்டச் சொல்லுங்க மாமா." இதையே சொல்லிக்கொண்டு வந்தாள். வழியிலேயே எட்டாம் மாதம் தொடங்கிவிடுமே என்றுதான் பயப்படுகிறாள் என்று அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

குமுளியில் சீமையின் எல்லையில் சுங்கச் சவுக்கை இருந்தது. தீர்வை கட்டாமல் ஏலக்காய் எதுவும் அதைத் தாண்டக் கூடாது. குறுக்கே ஒரு மரம். மரத்துக்கு அந்தப் பக்கம் கம்பம் போகும் கடைசி பஸ்சு நின்றது. டிரைவர் ரப்பர் ஊதலை அமுக்கி அமுக்கி ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை விட்டால் ராத்திரி குமுளியில்தான். விடிந்தால் எட்டாம் மாதம்.

நாங்கள் காரிலிருந்து இறங்கியதும் சவுக்கைக் காவலர் அக்காவின் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார்.

"எந்தா இது? வயிற்றில் குட்டியா, ஏலமா? மடி அவிழ்த்துக் காட்டணும்."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"ஏய்யா, நீயும் ஒரு ஆத்தா வயித்துல பொறந்தவன்தான? மாமியாக்காரி நெரப்பி விட்ட மடிய்யா இது! பிள்ளத்தாச்சி மடிய நடுரோட்டுல அவுக்கச் சொல்லுறியே, வெளங்குவியா?"

"எல்லாப் பெண்ணும் மடியில் வைத்துத்தான் கடத்துவது. அவிழ்க்கணும்."

"தீர்வை என்னான்னு சொல்லு, கட்டிர்றோம்."

"அவிழ்க்காமல் எடை எப்படிப் போடும்?"

அம்மா அக்காவை மறைத்துக்கொண்டு நின்றாள். பஸ்சு மறுபடி ஊதியது. நான் பஸ்சையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்போது மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"சாரே, ஏலம் கடத்துறவன் பெட்டியிலல்ல கொண்டாருவான்? பெட்டியத் தொறந்து காட்டுறோம். அதுல ஒரு காய் இருந்தாலும் மடிய அவுத்துருவோம். இல்லேன்னா விட்ரணும்."

காவலருக்கும் கூட்டத்தின் முன்னால் பிள்ளைத்தாச்சியோடு மல்லுக்கட்டுவது அலுத்திருக்க வேண்டும். தலையை ஆட்டினார்.

"பெட்டி வேணாம் மாமா" என்றாள் அக்கா. "மடியவே அவுத்துருவோம்."

"வாய மூடுடி" என்றாள் அம்மா.

அக்கா சாவியைத் தரவில்லை. அம்மாதான் அவள் இடுப்பிலிருந்து உருவிக் கொடுத்தாள். மாமா பெட்டியைத் திறந்தார். மேலே பழைய சேலைகள். அவற்றின் கீழே கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த பித்தளைச் செம்பு, தாம்பாளம், சின்னக் குடம். எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றிய குத்துவிளக்கு. அதுவும் எங்கள் வீட்டுச் சீர்தான். முந்தின நாள் ஏற்றிய எண்ணெய்ப் பிசுக்குக்கூடத் துடைக்காமல், கருகின திரியோடு இருந்தது.

காவலர் செம்புக்குள் கையை விட்டுத் துழாவினார். குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். "பாத்திரம். சரி, மடி போகட்டே. ஓடு, ஓடு, பஸ்சு போகும்" என்றார்.

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் சொன்னேன்ல?" என்று அம்மாவைப் பார்த்தார்.

அம்மா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா தலை குனிந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துச் சேலையை முழங்கைக்கு மேலே ஒதுக்கினாள், திரும்பவும் மூடிவிட்டாள்.

அதன்பின் அம்மா செய்தது எனக்கு விளங்கவில்லை. அவ்வளவு நேரம் சண்டை போட்டுக் காத்த மடியை, காவலரே விட்டுவிட்ட பிறகு, தன் கையாலேயே அவிழ்த்தாள். அரிசி, மஞ்சள், தேங்காய், ஏலக்காய் எல்லாம் அந்தக் குறுக்கு மரத்தின் அடியில் கொட்டின. முந்தானையை இரண்டு தரம் உதறினாள். ஒரு காய்கூட ஒட்டியிருக்கக் கூடாது என்பதுபோல் உதறினாள்.

"ஞான் விட்டல்லோ!" என்றார் காவலர்.

"இருக்கட்டும்யா. இது ஒங்க சீமைச் சரக்கு. இங்ஙனயே கெடக்கட்டும்" என்றாள் அம்மா.

அக்கா அப்போதுதான் அழுதாள். ஏலக்காய் போனதற்காக அழுகிறாள் என்று நினைத்து, கீழே உருண்ட ஒன்றைப் பொறுக்கி அவளிடம் நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

பஸ்சு எங்களுக்காக நின்றது. மலை இறங்கும்போது பொழுது சாய்ந்தது. அம்மா விளக்கைப் பெட்டிக்குள் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அக்கா அதன்பின் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாமா மடியிலிருந்த கூழாங்கல்லைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தார். நான்கு பேராகிவிட்டோமே என்றார். தம் மேல்துண்டை எடுத்து அக்காவுக்குப் போர்த்திவிட்டார்.

அந்நேரம் மலைக்கு மேலே அந்த வீட்டில் யாரோ அந்தி விளக்கேற்றப் போய், விளக்கைக் காணாமல் தேடியிருப்பார்கள்.

மறுநாள் சாயங்காலம் அம்மா அந்த விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, எங்கள் விளக்குக்குப் பக்கத்தில் வைத்து ஏற்றினாள். எங்கள் வீட்டில் இரண்டு விளக்கு எரிந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒன்று பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லித் திரிந்தேன். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, எட்டி அந்தத் திரியைத் தூண்டும் அளவுக்கு வளர்ந்தான். அதுவரைக்கும், எப்போது மறுபடி பஸ்சு ஏறி அக்காவைக் கொண்டுபோய் விடப்போகிறோம் என்று அம்மாவை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.