நான் அழித்த இரண்டு கொமெண்டுகள்

என் கணவர் முள்ளியவளையில் வயல் செய்தவர். இங்கே வயலுக்குள் மயில் இறங்குவது புதினமில்லை. மற்றவர்கள் தகரம் தட்டித் துரத்துவார்கள். இவர் வரம்பில் நின்று மயிலோடு மரியாதையாகக் கதைப்பார்.

"சாப்பிடுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா மிதிக்காமல் சாப்பிடுங்கோ. எங்களுக்கும் கொஞ்சம் வேணுமெல்லோ."

ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோன நான் அதைக் கைபேசியில் எடுத்து, சின்னச் சின்ன வீடியோ போடுகிற செயலி ஒன்றில் போட்டுவிட்டேன். இரண்டே நாளில் எங்கள் ஊர்ச் சனத்தைவிடப் பல மடங்கு பேர் பார்த்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு போட்ட ஆறு வீடியோவையும் ஒருவரும் பார்க்கவில்லை. ஏன் என்று தேடித் தேடிப் படித்தேன். செயலி ஒரு வீடியோவை முதலில் கொஞ்சப் பேருக்குத்தான் காட்டும். அவர்கள் இரண்டு செக்கனில் விரலால் தள்ளிவிட்டுப் போனால் கதை அதோடு சரி. கடைசிவரை பார்த்தால், திரும்பப் பார்த்தால், ஏதாவது எழுதினால், இன்னும் கொஞ்சப் பேரிடம் கொண்டுபோகும். இவரோ ஒவ்வொரு முறையும் "எல்லாருக்கும் வணக்கம், இண்டைக்கு நாங்கள்..." என்று இழுத்துத் தொடங்குவார். அந்த வணக்கத்திலேயே சனம் போய்விடுகிறது.

"வணக்கம் சொல்லாமல் எப்பிடியப்பா கதைக்கிறது? மரியாதையில்லையே" என்றார்.

"மயிலுக்கு நீங்கள் வணக்கம் சொன்னனீங்களோ?"

சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

அதன்பிறகு எல்லாம் என் சொற்படிதான். இவர் சொல்லும் வயல் கதையை நடுவிலிருந்து தொடங்க வேண்டும். முகம் கிட்டத் தெரிய வேண்டும். வெயிலுக்குத் தோதாக எப்போதும் இடப்பக்கத்திலிருந்து எடுப்பேன். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கிற நேரம் பார்த்து, பின்னேரத்தில் போடுவேன். எழுதுகிற ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுவேன். ஆறேழு மாதத்தில் கணக்கைப் பின்தொடர்கிறவர்கள் ஒரு இலட்சத்தைத் தாண்டினார்கள். பரந்தன் பஸ் தரிப்பிடத்தில் ஒரு குடும்பமே ஓடிவந்து, "மயில் அண்ணை தானே நீங்கள்?" என்று கேட்டது. இவர் வெட்கத்தில் தலையை மட்டும் ஆட்டினார். பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பி, வீடு வரும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தார்.

வீடியோவுக்குக் கீழே சனம் எழுதுகிற கொமெண்டுகளில் முக்கால்வாசி அன்புதான். சிலர் பல்லைப் பற்றி எழுதுவார்கள், நிறத்தைப் பற்றி எழுதுவார்கள். ஒருமுறை இவர் அப்படியொன்றைப் படித்துவிட்டு மறுநாள் முழுக்க வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கதைத்தார். அன்றிலிருந்து அவர் காணும் முன்பே அழித்துவிடுவேன். கை அதற்குப் பழகிப்போனது.

அப்படி இருக்கும்போதுதான் அது வந்தது. எழுதியவரின் கணக்கில் முகமில்லை, ஒரு பூவின் படம் மட்டும்.

"அண்ணையின்ர கழுத்தில இடப்பக்கம் ஒரு வீக்கம் தெரியுது. முந்தி இல்லை. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ."

இனி எல்லாரும் அவர் கதையை விட்டுவிட்டுக் கழுத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. அழித்தேன். இரண்டு கிழமை கழித்து அதே பூப்படம்: "இப்ப பெரிசாத் தெரியுது. தயவுசெய்து காட்டுங்கோ." அதையும் அழித்து, இனி எழுத முடியாதபடி அந்தக் கணக்கையே தடுத்துவைத்தேன். வேலையில்லாத இன்னொரு ஆள் என்று நினைத்தது இன்னும் நினைவிருக்கிறது.

நாலு மாதம் கழித்து அவருக்குச் சோறு விழுங்கக் கஷ்டமாக வந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எவ்வளவு காலமா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு மாசம் இருக்கும்" என்றார் இவர்.

நான் கைபேசியைத் திறந்தேன். கடைசி வீடியோவிலிருந்து பின்னோக்கிப் போனேன். போகப் போக வீக்கம் சின்னதாகிக்கொண்டு வந்தது. டொக்டரும் குனிந்து பார்த்தார். கைபேசிக்குள் இவர் சிரித்துச் சிரித்துக் கதைத்தார். பக்கத்தில் இவர் சட்டைக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அறுவடை நேரத்து வீடியோ ஒன்றில்தான் கழுத்து வெறுமையாக இருந்தது.

"ஏழு மாசம்" என்றார் டொக்டர். ஏசவில்லை. எழுதிக்கொண்டார்.

புற்றுநோய்க்கு வைத்தியம் தொடங்கிய பிறகு முதலில் போனது குரல். காற்றுப் போலத்தான் சொல் வரும். ஒரு நாள் விடியக்காலை, கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது, நான் அழித்த இரண்டு கொமெண்டையும் பற்றிச் சொன்னேன். கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"நீர் அழிக்காட்டியும் நான் போயிருக்கமாட்டன். தாடி வழிக்கேக்க ஒவ்வொரு நாளும் தடவிப் பாத்தனான். எல்லாம் நல்லாப் போகேக்க எப்பிடிச் சொல்லுறது?"

அதை உண்மையாகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த விதைப்புக்கு அவர் இருக்கவில்லை.

அவர் இல்லை என்ற செய்தியை ஒரு அசையாத படமாகப் போட்டேன். அவர் படுத்திருந்ததையும் நான் அழுததையும் போட்டிருந்தால் இலட்சக்கணக்கில் பார்த்திருப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்ததே அருவருப்பாக இருந்தது. படத்தைச் செயலி கொஞ்சப் பேருக்குத்தான் காட்டியது. பழைய வீடியோக்களை மட்டும் இன்றும் புதிய ஆட்களிடம் கொண்டுபோகிறது. "அண்ணை, ஏன் இப்ப காணேல்லை?" என்று கேட்கிறார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் பூப்படக் கணக்கைத் தேடி, தடையை நீக்கி, நடந்ததை எழுதினேன். அன்றைக்கே பதில் வந்தது.

"தங்கச்சி, நான் வவுனியாவில நேர்ஸ். நீங்கள் அழிச்சதைக் கண்டனான். வேற பேரில வந்தெண்டாலும் திரும்ப எழுதியிருக்கலாம். எனக்கும் ரோசம் வந்திட்டுது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்.

அடுத்த மாதம் அந்த அக்கா பஸ் ஏறி வீட்டுக்கே வந்தார். வார்ட்டில் வேலை முடிந்து வந்து, காலை நீட்டிக்கொண்டு இவருடைய வீடியோ பார்ப்பாராம். ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறார். இன்ன நாள் இன்ன கதை என்று எனக்கே மறந்துபோனவற்றைச் சொன்னார். தேத்தண்ணி குடித்தபடி ஒரு இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே என் முகத்தைப் பார்த்தார்.

"சிரியுங்கோ அக்கா" என்றேன்.

அக்கா போன பிறகு கைபேசியை எடுத்தேன். அன்றைக்குப் பதினாலு பேர் அண்ணையை ஏன் காணேல்லை என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அண்ணை காலமாகிவிட்டார் என்று எழுதினேன்.